ஆளில்லாத பச்சை

படம் முடிந்துவிட்டது என்று நான் நினைத்திருந்த வாரத்தில்தான் அம்மா ஊரிலிருந்து வந்தார். அன்னூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பையிலிருந்த முருங்கைக்காயையும் உரித்த நிலக்கடலையையும் சமையலறையில் எடுத்து வைத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு பால்கனிக்கு வந்தார். அங்கே சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். இரண்டடி அகலம், ஒன்றரை அடி உயரம். ஊட்டி கோல்ஃப் மைதானத்தின் ஒரு சரிவு. எண்ணெய் வண்ணம்.

"இது எந்த ஊருங் கண்ணு?"

"ஊட்டிம்மா. கோல்ஃப் விளையாடற எடம்."

சேலைத் தலைப்பில் முகத்தைத் துடைத்தபடி கொஞ்ச நேரம் பார்த்தார். அழகாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை.

"புல்லு இத்தனை சீரா இருக்குதே, ஆரு களையெடுக்கறாங்க?"

தெரியாதும்மா என்றேன். அது பொய். எனக்குத் தெரியும். அந்தச் சரிவின் கீழ்ப்பாதியில், ஸ்வெட்டருக்கு மேல் பழைய சட்டை போட்டு, தலையில் துணி கட்டிக்கொண்டு மூன்று பெண்கள் குந்தி உட்கார்ந்து புல்லுக்குள் கைவிட்டுக் களை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். நான் போன நாட்களில் பாதி நாள் அவர்கள் இருந்தார்கள். அவர்கள் நகர்ந்து மேட்டுக்கு அந்தப் பக்கம் போகும்வரை தூரிகையைக் கையில் பிடித்தபடி காத்திருந்துதான் அந்த இடத்துக்குப் பச்சை பூசினேன்.

பெண்களைப் பற்றிக் கவிதை எழுதுகிறவள், பெண்ணெழுத்து பற்றி வகுப்பில் மணிக்கணக்கில் பேசுகிறவள், மூன்று பெண்கள் என் பார்வையிலிருந்து விலகட்டும் என்று காத்திருந்திருக்கிறேன். இந்தக் கட்டுரை அந்தக் காத்திருப்பைப் பற்றியது.

*

கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். படம் வரையத் தொடங்கியபோது எனக்கு வயது 43. எட்டாம் வகுப்பில் ஆசைப்பட்டது. அப்போது வீட்டுக்கு வந்த ஒரே வாட்டர் கலர் பெட்டி தம்பிக்குப் போனது. எனக்கு வாசல் இருந்தது, கோலமாவு இருந்தது. முப்பது ஆண்டு கழித்து ஒரு கடையில் எண்ணெய் வண்ணக் குழாய்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கடைக்காரர் அன்பாகத்தான் கேட்டார்: "பையனுக்குங்களா, பொண்ணுக்குங்களா?" எனக்கு என்று சொல்ல ஒரு நொடி தயங்கினேன். அந்த ஒரு நொடி இன்னும் எனக்கு வலிக்கிறது.

ஏன் எண்ணெய் வண்ணம் என்று கேட்பார்கள். நீர்வண்ணம் காத்திருக்காது. தாள் ஈரமாக இருக்கும் சில நிமிடங்களில் முடிவெடுக்க வேண்டும். நடுவில் எழுந்து போனால் கறை காய்ந்துவிடும். எண்ணெய் வண்ணம் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். குக்கரை இறக்கி வைத்துவிட்டு வரலாம். விடைத்தாள் திருத்திவிட்டு வரலாம். நேற்று இரவு தவறிப்போன மேகத்தை இன்று காலையில் துணியால் துடைத்து எடுக்கலாம். துண்டு துண்டாகத்தான் நேரம் கிடைக்கும் என்று விதிக்கப்பட்டவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஊடகம் இல்லை. ஆனால் நம் ஊரில் எண்ணெய் வண்ணம் என்றதும் ரவிவர்மாதான் நினைவுக்கு வருகிறார். அவருடைய தங்கை மங்களா பாயும் ஓவியர்தான் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே 40 வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

கோல்ஃப் மைதானம் என் கண்ணில் பட்டது ஒரு கல்விச் சுற்றுலாவில். ஐம்பது மாணவிகளுக்குப் பொறுப்பாகப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். ஃபிங்கர் போஸ்ட் தாண்டியதும் ஜன்னலில் ஒரு சரிவு வந்தது. மேடும் பள்ளமுமாக மடிந்து மடிந்து போகும் புல், ஓரத்தில் கறுத்த மரங்களின் ஒரு கோடு, நடுவில் யாரும் இல்லை. ஒருவர்கூட இல்லை. பின் இருக்கையில் யாரோ வாந்தி எடுக்க, யாரோ என்னை அழைக்க, அந்தச் சரிவு போய்விட்டது.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. நான் பிறந்தது கூட்டுக் குடும்பத்தில். பிறகு விடுதி, பிறகு புகுந்த வீடு, ஆசிரியர் அறை, 60 பேர் அமர்ந்த வகுப்பு. ஆளில்லாத ஓர் இடத்தில் நான் தனியாக இருந்ததே கிடையாது. அந்தப் பச்சையை எனக்கு வேண்டும் என்று நினைத்தேன். வாங்க முடியாது, விளையாடத் தெரியாது. வரையலாம்.

*

அதற்குப் பிறகு மாதத்தில் ஒரு சனிக்கிழமை. விடியற்காலையில் மேட்டுப்பாளையம் சாலைப் பேருந்து நிலையத்தில் ஏறி, மேட்டுப்பாளையம், கல்லாறு, பர்லியாறு, குன்னூர் வழியாக ஊட்டி. மைதானத்துக்கு வெளியே சாலையோரத்தில் ஒரு மண்மேடு எனக்கு வாய்த்தது. மடக்கு நாற்காலி, மடக்குச் சட்டம், தோல்பை.

வெளியில் அமர்ந்து வரைவதைப் பற்றிய புத்தகங்கள் வெளிச்சத்தைப் பற்றிப் பேசும். ஊட்டியில் பதினொரு மணிவரைதான் நிழல்கள் ஓரிடத்தில் நிற்கும், பிறகு மூடுபனி எப்போது வேண்டுமானாலும் இறங்கும். இதெல்லாம் உண்மை. எந்தப் புத்தகமும் சிறுநீரைப் பற்றிப் பேசவில்லை. நான்கு மணி நேரம் ஓரிடத்தில் அமர்ந்து வரைய வேண்டுமென்றால் முந்தைய இரவிலிருந்தே தண்ணீரைக் குறைக்க வேண்டும். ஆண்கள் ஒரு மரத்தின் பின்னால் போய்விட்டு வந்து வரைந்த ஓவியங்களால்தான் உலகத்தின் நிலக்காட்சி ஓவியக் கூடங்கள் நிறைந்திருக்கின்றன. பிரான்ஸில் ரோசா போனர் 1850களில் மாட்டுச் சந்தைகளுக்கும் அறவுக்கூடங்களுக்கும் போய் விலங்குகளை வரைவதற்காகக் கால்சட்டை அணியப் போலீஸ் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. எனக்குச் சீட்டு தேவைப்படவில்லை. "கூட யாரு வந்திருக்காங்க?" என்ற கேள்விக்குத்தான் மீண்டும் மீண்டும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கார் நிறுத்திக் கேட்டவர்கள் உண்டு. கேட்டவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒரு பெண் எதற்கும் காத்திருக்காமல், எதையும் விற்காமல், யாரையும் அழைத்து வராமல், சும்மா உட்கார்ந்து ஒரு நிலத்தைப் பார்க்கிறாள் என்பது அவர்கள் மனதில் எந்தப் பெட்டியிலும் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

ஈரக் கேன்வாஸைப் பேருந்தில் கொண்டுவருவது தனிக் கலை. இரண்டு கேன்வாஸ்களை முகத்தோடு முகம் பார்க்க வைத்து, நான்கு மூலைகளிலும் கார்க் துண்டுகளைக் கொடுத்துக் கட்டினால் வண்ணம் ஒட்டாது. டர்பன்டைன் வாசனையை ஒன்றும் செய்ய முடியாது. ஒரு முறை நடத்துநர் மோப்பம் பிடித்துக்கொண்டே என் இருக்கைவரை வந்து, "அக்கா, பெட்ரோல் ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?" என்றார். படத்தைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "இங்க உள்ளெ உட்டாங்களா?" என்று கேட்டார். இல்லை, வெளியிலிருந்து என்றேன். "நானும் வெளியிலிருந்துதாங்க பாக்கறேன், இருவது வருசமா" என்று சிரித்துவிட்டுப் போனார்.

பச்சை எனக்கு வசப்பட ஆறு மாதம் ஆனது. குழாயிலிருந்து அப்படியே எடுக்கும் பச்சை பிளாஸ்டிக் குடம் மாதிரி இருக்கும். அல்ட்ராமரின் நீலத்தில் யெல்லோ ஓக்கர் கலந்து, அதன் திமிரை அடக்கத் துளி பர்ன்ட் சியன்னா சேர்த்தால்தான் நிஜப் புல் வருகிறது. பச்சைக்குள் ஒரு செம்மண் இருக்க வேண்டும். முதல் பூச்சு டர்பன்டைனில் கரைத்து நீர்க்க, அடுத்தடுத்த பூச்சுகளில் ஆளிவிதை எண்ணெய் கூடிக்கொண்டே போக வேண்டும். மெலிந்ததன் மேல்தான் கொழுத்தது. மாற்றிச் செய்தால் மேல் பூச்சு சில ஆண்டுகளில் வெடித்துவிடும், அடியில் இருப்பது தெரிந்துவிடும். தூரத்துக்குப் போகப் போக நீலம் கூட வேண்டும், மாறுபாடு குறைய வேண்டும். அம்மாவின் காட்டிலிருந்து வடமேற்கே பார்த்தால் நீலகிரி ஒரு நீலக் கோடாகத்தான் தெரியும். களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு இடுப்பை நிமிர்த்தும்போதெல்லாம் அம்மா பார்த்தது அந்தக் கோட்டைத்தான். 70 வயது ஆகப்போகிறது. ஒரு முறைகூட மேலே போனதில்லை.

*

வரைவதற்கு ஒன்றை உற்றுப் பார்க்கத் தொடங்கினால் அதன் வரலாறு தானாக வந்து அருகில் அமர்ந்துகொள்ளும். இந்த நிலத்தின் வரலாறு எங்கள் ஊர்க் கச்சேரியிலிருந்து தொடங்குகிறது. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் மலைமேல் ஏறினார். 1822இல் அங்கே தனக்குக் கல்வீடு கட்டத் தொடங்கினார். 1868இல் தனி நிர்வாகமாகப் பிரியும்வரை நீலகிரி கோயம்புத்தூர் மாவட்டத்தின் பகுதியாகவே பெரும்பாலும் இருந்தது. ஊரின் ஆங்கிலப் பெயரின் கடைசியில் இருக்கும் 'மண்ட்' தோடர் குடியிருப்பைக் குறிக்கும் சொல். ஊரை எடுத்துக்கொண்டவர்கள் அந்தச் சொல்லையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள்.

ஊட்டிக்கு மேற்கே மடிப்பு மடிப்பாகப் பரந்து கிடக்கும் புல்வெளிக்கு வென்லாக் டவுன்ஸ் என்று பெயர். 1891 முதல் 1896 வரை மதராஸ் கவர்னராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயர். தோடர்களின் எருமைகள் மேய்ந்த நிலம் அது. குதிரையும் வேட்டைநாயுமாக வெள்ளையர்கள் நரி துரத்திய நிலமாகவும் ஆனது. 1890களில் அதில் கோல்ஃப் வந்தது. இன்று ஊட்டகமண்ட் ஜிம்கானா கிளப்பின் 18 குழி மைதானம் இருப்பது அந்த நிலத்தில்தான். ஓரத்தில் நான் வரைந்த கறுப்பு மரக் கோடு யூகலிப்டஸும் வாட்டிலும். 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்டவை.

என் படத்தில் எல்லோரும் பாராட்டும் இடம் ஒன்று உண்டு. இடது மூலையில் சுடர் விடும் ஒரு மஞ்சள். கோர்ஸ் என்னும் முட்புதரின் பூ. பிரிட்டிஷ் தீவுகளின் செடி. ஸ்காட்லாந்தின் பழைய கோல்ஃப் மைதானங்களில் பந்து தொலைந்துபோவது இந்தப் புதரில்தான். இங்கே வந்தவர்கள் தங்கள் ஊர் நினைவுக்காக அதையும் கொண்டுவந்தார்கள். இன்று நீலகிரிப் புல்வெளிகளைத் தின்றுகொண்டிருக்கும் அந்நியச் செடிகளில் அதுவும் ஒன்று. எருமை அதற்குள் வாய் வைக்க முடியாது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை குறிஞ்சி பூக்க வேண்டிய நிலத்தில் ஆண்டுதோறும் அது பூக்கிறது. காட்மியம் மஞ்சளைக் கத்தியால் எடுத்து அந்தப் பூவை வைத்தபோது எனக்கு எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அழகுதான். அழகாக இருப்பது ஒரு வாதம் ஆகாது.

நான் சங்க இலக்கியத்தில் ஆய்வு செய்தவள். ஒவ்வொரு ஜூன் மாதமும் புதிய மாணவிகளுக்கு முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று பலகையில் எழுதுகிறேன். நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் எல்லாம் கருப்பொருள். அங்கே மனிதர்களுக்குள் நடப்பது உரிப்பொருள். மூன்றும் சேர்ந்தால்தான் திணை. நம் மரபில் ஆளில்லாத நிலம் என்று ஒன்று இல்லவே இல்லை. உயரத்தால் குறிஞ்சி, மேய்ச்சலால் முல்லை என்று இரண்டும் மயங்கிக் கிடந்த ஒரு நிலத்தை நான் வெறும் முதற்பொருளாக வரைந்து வைத்திருந்தேன். நிலம் உண்டு. காலை ஒன்பது மணி என்ற பொழுதும் உண்டு. தெய்வம் இல்லை, எருமை இல்லை, தொழில் இல்லை, ஆள் இல்லை. இதை ஒரு மாணவி தேர்வில் எழுதியிருந்தால் மதிப்பெண் குறைத்திருப்பேன்.

முல்லையின் உரிப்பொருள் இருத்தல். போன தலைவன் திரும்பி வரும்வரை தலைவி இல்லத்தில் இருப்பது. இருபது ஆண்டுகளாக இதைப் பாடம் நடத்துகிறேன். அவன் போகிறான், அவள் இருக்கிறாள். அவனுக்கு நிலம், அவளுக்கு வாசல். தோடர் வழக்கத்திலும் பால்கோயிலின் பூசை ஆண்களுக்கு உரியது. பெண்கள் அதனுள் போகக் கூடாது, எருமை கறக்கவும் கூடாது. கோல்ஃபும் விலக்கில்லை. பிரிட்டனில் பெண்கள் தங்களுக்கென்று லேடீஸ் கோல்ஃப் யூனியனைத் தொடங்கியது 1893இல், ஏறக்குறைய ஊட்டியில் கோல்ஃப் தொடங்கிய காலத்தில். ஆனால் செயின்ட் ஆண்ட்ரூஸின் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப் பெண்களை உறுப்பினராக்க வாக்களித்தது 2014இல்தான். மியூர்ஃபீல்டில் 2016இல் வாக்கெடுப்பு தோற்று, அடுத்த ஆண்டு மறு வாக்கெடுப்பில்தான் கதவு திறந்தது. மந்திலும் மாளிகையிலும் நிலத்தின் நடுவே போய் நிற்பவன் ஆண், ஓரத்தில் இருப்பவள் பெண் என்ற கணக்கு மட்டும் மாறவில்லை.

அந்த ஓரத்திலிருந்தும் பெண்கள் ஒன்று செய்திருக்கிறார்கள். பூத்குளி என்ற தோடர் போர்வையின் வெள்ளைத் துணியில் சிவப்பு நூலும் கறுப்பு நூலும் கொண்டு பெண்கள் போடும் பூத்தையல். முன்கூட்டித் துணியில் வரைந்துகொள்வதில்லை. இழைகளை எண்ணி எண்ணியே போடுகிறார்கள். 2013இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊட்டியில் ஒரு கடையில் அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். எந்தப் பக்கம் உள், எந்தப் பக்கம் வெளி என்று எளிதில் சொல்ல முடியவில்லை. நான் 43 வயதில் வந்து சட்டம் நிறுத்தி அமர்ந்த அதே மலையில் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் படம் செய்துகொண்டிருந்திருக்கிறார்கள். அதை நாம் ஓவியம் என்ற பட்டியலில் சேர்க்காமல் கைவேலை என்ற பட்டியலில் வைத்திருக்கிறோம். கோலத்தையும் அங்கேதான் வைத்தோம்.

*

அம்மா கேட்ட கேள்விக்குப் பிறகு அந்தப் படத்தைச் சுவரின் பக்கம் திருப்பி வைத்தேன். மூன்று வாரம் அப்படியே கிடந்தது.

அந்தப் பெண்களை வரைந்து சேர்த்துவிடலாம். எளிதான வேலைதான், மூன்று குனிந்த முதுகுகள். ஆனால் அதிலும் ஒரு பழைய தந்திரம் இருக்கிறது. 1837இல் லண்டனில் வெளியான ரிச்சர்ட் பாரன் என்ற ராணுவ அதிகாரியின் நீலகிரிக் காட்சிகள் தொடங்கி, காலனியக் காலத்து இந்திய நிலக்காட்சிகள் பலவற்றின் வழக்கம் அது. மலை பெரிது என்று காட்டவும், இது வேற்று நாடு என்று காட்டவும், முன்புறத்தில் உள்ளூர்க்காரர்களைச் சிறிதாக நிறுத்தி வைப்பார்கள். அளவுகோல் மாதிரி. நான் அந்த மூவரை விட்டது ஒரு தவறு என்றால், அளவுகோலாகச் சேர்ப்பது இன்னொரு தவறு. குனிந்த முதுகு ஓவியத்துக்கு மிகவும் வசதியான வடிவம். பார்ப்பவருக்கு இரக்கம் வரும், படம் விற்கும். முகம் வரைய வேண்டிய சிரமமும் இல்லை.

அடுத்த முறை போனபோது சட்டத்தை விரிக்கவில்லை. மண்மேட்டில் அமர்ந்து காத்திருந்தேன். இந்த முறை அவர்கள் வருவதற்காக. பத்தரை மணிக்கு வேலி ஓரமாகத் தேநீர் குடிக்க வந்தார்கள். இருவர் தள்ளி அமர்ந்துகொண்டார்கள். மூத்தவர் மட்டும் என்னைப் பார்த்து, "என்னா டீச்சர், இன்னைக்கு பெயிண்ட் இல்லையா?" என்றார். டீச்சர் என்று எப்படித் தெரியும் என்றேன். "ஒக்கார்ற விதம் தெரியாதா?" என்றார்.

நான் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்ததாக நினைத்திருந்தேன். அவர்கள்தான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். எத்தனை மணிக்கு வருகிறேன், எப்போது வாழைப்பழம் சாப்பிடுகிறேன், எந்த நாளில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன் என்று எல்லாம் தெரிந்திருந்தது. "பாவம், அன்னைக்கு எதையோ அழிச்சுக்கிட்டே இருந்தீங்க" என்றார். அவருடைய பாட்டியும் அம்மாவும் இலங்கையில் தேயிலை பறித்தவர்கள். 1964இல் போடப்பட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பல் ஏறி வந்தவர்கள். ஒரு மலையிலிருந்து பெயர்த்து இன்னொரு மலையில் நட்டார்கள் என்று தன் குடும்பத்தைப் பற்றிச் சொன்னார். செடியைப் பற்றிச் சொல்வது போலவே, சாதாரணமாக.

உங்களை என் படத்தில் வரையலாமா என்று கேட்டேன். முதலில் சிரித்தார்கள். தள்ளி அமர்ந்திருந்த இளையவர் வேண்டாம் என்று தலையாட்டினார். இன்னொருவர் ஒன்றும் சொல்லவில்லை. மூத்தவர் தேநீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"போடுங்க. ஆனா புல்லு புடுங்கற மாதிரி போடாதீங்க டீச்சர். அத தெனம் நானே பாக்குறேன். இப்ப ஒக்காந்திருக்கேன்ல, இப்பிடிப் போடுங்க."

எப்படி என்றால், கால் இரண்டையும் நீட்டி, முதுகை வேலிக் கல்லில் சாய்த்து, கையில் டம்ளரோடு, சரிவை நேராகப் பார்த்தபடி. நான் அந்த மேட்டில் இத்தனை மாதம் எப்படி அமர்ந்திருந்தேனோ அப்படி. எனக்கு ஆளில்லாத பச்சை வேண்டியிருந்தது. அவருக்கும் வேண்டியிருந்தது. அவருக்கு அது பத்தரையிலிருந்து பத்தே முக்கால் வரை கிடைத்தது.

*

அன்று திரும்பும் வழியில், பர்லியாறு தாண்டும்போது, அம்மாவின் கேள்வி வேறு மாதிரி கேட்டது. களை எடுப்பது யார் என்று கேட்கத் தெரிந்த அம்மாவுக்கு, களை எடுத்த நிலம் யாருடையது என்ற கேள்விக்கும் பதில் தெரியும்.

அம்மா பிறந்த வீட்டில் நான்கு ஏக்கர் இருந்தது. கல்யாணம் ஆகும்வரை அதில் வேலை செய்தார். கல்யாணம் 1977இல். தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்குச் சம பங்கு என்ற சட்டத் திருத்தம் 1989இல் வந்தபோது, அதற்கு முன்பே திருமணமான பெண்கள் அதில் விடுபட்டார்கள். 2005இல் மத்திய அரசின் திருத்தம் வந்து அந்த விலக்கை நீக்கியது. அதற்குள் அம்மா ஒரு நாள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்விட்டு வந்திருந்தார். தாத்தா தன் பெயரில் வாங்கியிருந்த கொஞ்ச நிலமும் சேர்த்து, எதிலும் தனக்கு உரிமை இல்லை என்று அண்ணன்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அந்தப் பத்திரத்துக்குப் பெயர் விடுதலைப் பத்திரம். தமிழில் விடுதலை என்ற சொல்லை எத்தனையோ கவிதைகளில் எழுதியிருக்கிறேன். ஒரு பெண் தன் நிலத்தை விட்டுவிடுவதற்கும் அதே சொல்தான். வாழ்ந்த வீட்டிலும், 40 ஆண்டு களையெடுத்த காட்டின் பட்டாவில் அம்மா பெயர் இல்லை.

நிலக்காட்சி என்ற சொல்லை இப்போது வகுப்பில் பிரித்து எழுதுகிறேன். நிலம் ஒருவருக்கு, காட்சி ஒருவருக்கு, வேலை ஒருவருக்கு. எனக்குக் காட்சி கிடைத்தது. அது சிறியதல்ல, அதற்கே என் தலைமுறை ஒரு பட்டமும் ஒரு சம்பளமும் ஒரு பேருந்துப் பயணமும் சம்பாதிக்க வேண்டியிருந்தது. ஒரு பெண் தனியே அமர்ந்து, பயனில்லாமல், தூரத்தைப் பார்க்கும் உரிமையை நான் யாருக்காகவும் குறைத்துக்கொள்ளப் போவதில்லை. ஆனால் என் முன்னால் விரியும் வெறுமை இயற்கையாக அமைந்தது என்று இனிமேல் நம்ப மாட்டேன். அதை யாரோ ஒவ்வொரு நாளும் குந்தி உட்கார்ந்து செய்கிறார்கள். அதற்கு முன்பு யாரையோ அங்கிருந்து போகச் செய்திருக்கிறார்கள்.

படத்தின் கீழ்ப் பகுதியைக் கத்தியால் சுரண்டினேன். காய்ந்த பச்சை சீவல் சீவலாக வந்தது. வலது ஓரத்தில் வேலிக் கல், அதில் சாய்ந்து ஒரு பெண். கால் நீட்டியிருக்கிறார். முகம் தெரிகிறது. மற்ற இருவரையும் வரையவில்லை. ஒருவர் வேண்டாம் என்றார், ஒருவர் சரி என்று சொல்லவில்லை. அவர்கள் இருந்த இடத்தில் பச்சைக்குக் கீழிருந்து கொஞ்சம் செம்மண் தெரியும்படி விட்டிருக்கிறேன். பார்ப்பவர்கள் அதைப் பிழை என்று நினைக்கலாம். படமாக இப்போது அது முன்பைவிடச் சுமார்தான். கண் முன்பு மாதிரி மேடு பள்ளத்தில் வழுக்கிக்கொண்டு தூரத்துக்குப் போவதில்லை, அவர்மேல் போய் நின்றுவிடுகிறது.

கைபேசியில் படத்தைக் காட்டியபோது அவர், "என் கழுத்து இம்புட்டு நீளமா?" என்றார். மற்ற இருவரும் எட்டிப் பார்த்தார்கள். இளையவர் மட்டும், "நல்லாத்தான் இருக்கு. என்னையும் போட்டிருக்கலாம்" என்றார். அடுத்த படத்துக்கு அவர்தான்.

சென்ற மாதம் அம்மாவை மேலே அழைத்துப் போனேன். கல்லாறு தாண்டியதும் காது அடைக்கிறது என்று புளிப்பு மிட்டாய் கேட்டார். மண்மேட்டில் மடக்கு நாற்காலியை விரித்து அமர வைத்து, என் சால்வையைப் போர்த்திவிட்டேன். நான் எந்தச் சரிவு, எந்த மரம் என்று காட்டிக்கொண்டிருந்தேன். அம்மா கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம காடு எந்தப் பக்கங் கண்ணு?" என்றார். இங்கிருந்து தெரியாதும்மா, மலை மறைக்கிறது என்றேன்.

"செரி" என்றார். "இன்னொரு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்துட்டுப் போலாம்."